பொருந்தாத முகவரிகள்

எங்கள் ஊரில் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. நீங்கள் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், அங்கும் அப்படித்தானே ஐயா. தேவாலயத்திலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், பச்சை கேட். தபால்கூட அப்படித்தான் வந்து சேர்கிறது.

நகராட்சியின் மீட்பு எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திகளில் முகவரியைக் கணினியே கண்டுபிடித்து வண்டியை அனுப்ப வேண்டும். அந்த வேலையை என்னிடமும் ஃப்ளோரிபெத்திடமும் கொடுத்தார்கள், முதலில் சில வாரம் வெள்ளோட்டமாக. அதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுத வேண்டும், அதாவது எந்த வடிவத்துக்குப் பொருந்தினால் முகவரி என்று கணினி ஏற்கலாம் எனச் சொல்லும் குறியீடு. கையால் எழுதினால் அடைப்புக்குறியும் சாய்கோடுமாக முள்வேலி போலிருக்கும். மறுநாள் எழுதியவருக்கே புரியாது. நான் ஒரு லைப்ரரியை, வேறு யாரோ எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தினேன். இடத்தின் பெயர், பிறகு எண், பிறகு மீட்டர், பிறகு நான்கு திசைகளில் ஒன்று. வரிக்கு ஒன்றாகச் சொன்னால் போதும், முள்வேலியை அதுவே கட்டிக்கொள்ளும். எனக்கு அது பிடித்திருந்தது.

ஃப்ளோரிபெத் குன்றுப் பக்கத்துப் பெண். முன்பு இருந்து இப்போது இல்லாத இடங்களையும் ஏற்கும்படி ஒரு வரி சேர்த்தாள்.

“எங்க பக்கம் இருக்கிற எடத்த யாரு சொல்றா, ஸீனியா? வெட்டின அத்திமரம், மூடின பேக்கரி, செத்துப்போன பல் டாக்டரு. இதான் எங்க முகவரி.”

“அப்போ பேய்க்கெல்லாம் வரைபடத்துல எடம் குடுக்கணுமாடி?”

“குடேன். அதுங்க வாடகைக்கு ஒழுகாத கூரையா கேக்குது?”

சிரித்தோம். அவள் போனபின் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. குன்றிலிருந்துதான் செய்திகள் அதிகம். கூரை ஒழுகுகிறது, சுவர் விரிகிறது. வண்டி ஏறி இறங்க வெகுநேரம் ஆகும். வரியை எடுத்ததும் அவற்றில் பெரும்பாலானவை பொருந்தவில்லை. மற்றவர்களுக்கு வண்டி சீக்கிரம் போனது. சராசரி நேரம் பாதியாகக் குறைந்தது. பொருந்தாதவை என் திரையின் ஓரத்தில் சேர்ந்தன. ஃப்ளோரிபெத்திடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள்.

வெள்ளோட்டத்தின் கடைசி நாள் மதியம் மழை வலுத்தது. அவள் அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போயிருந்தாள். திரையின் ஓரம் நிரம்பத் தொடங்கியது. மண் சரிகிறது என்று எல்லோரும் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். அவளுடையதும் வந்தது.

“செருப்புக் கடை இருந்த எடத்துலேர்ந்து மேல அம்பது மீட்டர். கதவு தெறக்கல, அம்மாவும் நானும் உள்ள. ஸீனியா, பாத்துட்டிருந்தா வண்டிய அனுப்புடி.”

பொருந்தவில்லை. தன் வரி உள்ளே இருப்பதாக நினைத்திருக்கிறாள், பாவம்.

அந்த வீட்டில் நான் கிறிஸ்துமஸுக்குச் சோளமாவுத் தமால் சாப்பிட்டிருக்கிறேன். வாழையிலையைப் பிரித்து அவள் அம்மாதான் தட்டில் வைத்தார். வழி எனக்குத் தெரியும். மீட்பு வண்டி எங்கள் கட்டிட வாசலில்தான் நின்றது, ஓட்டுநர் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுக்கவில்லை. வெள்ளோட்டத்தின் நடுவில் மனிதர் கைவைத்தால் முடிவுகள் கெட்டுவிடும். அறிவியல் படித்த எவருக்கும் இது தெரியும்.

ஃப்ளோரிபெத்தும் படித்தவள். உயிரோடு இருந்திருந்தால், நான் செய்தது சரி என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள்.