டக்கோட்டாவில் இரண்டு இருக்கைகள்

விமானத்தில் போகிறவர்கள் இறக்கைக்குப் பின்னால் உள்ள இருக்கையைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. டக்கோட்டாவில் இறக்கை உடம்பின் அடியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே உட்கார்ந்தால் ஜன்னலில் வெறும் தகடுதான் தெரியும். பின்னால் உட்கார்ந்தால் ஆறு, வயல், மலை எல்லாம் தெரியும். இறங்கும் நேரத்தில் இறக்கையின் அடியிலிருந்து ஒரு தட்டு கீழே மடங்குவதையும் பார்க்கலாம். வேகம் குறைந்த பிறகும் விமானம் விழாமல் மிதப்பது அதனால்தான்.

நீங்கள் கேட்டது நேசையனைப் பற்றி. சொல்கிறேன். ஆனால் டாக்டர் செல்லையன் உங்களிடம் சொன்னது விளங்க வேண்டுமானால் விமானங்களைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நான் பாறசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சனிக்கிழமைகளில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போய், விமான நிலையத்துக் கம்பி வேலிக்கு வெளியே நிற்பேன். அங்கே வருவது பெரும்பாலும் டக்கோட்டாதான். மற்றவற்றைப் பத்திரிகைப் படங்களில் பார்த்ததோடு சரி. ஸ்கைமாஸ்டருக்கு மூக்கின் கீழே சக்கரம் உண்டு. தரையிலும் சமமாக நிற்கும். டக்கோட்டா வாலை ஊன்றி நிற்பதால் உள்ளே குன்று ஏறுவதுபோல நடக்க வேண்டும். அழகில் கான்ஸ்டலேஷனுக்கு ஈடு கிடையாது. அதன் வாலில் மூன்று துடுப்புகள். ஒரே துடுப்பாக வைத்தால் விமானக் கொட்டகை வாசலில் நுழையாத உயரம் வந்துவிடும். அதனால் மூன்றாகப் பிரித்தார்கள். அதன் உடம்பை இறுக அடைத்து உள்ளே காற்றை அமுக்கி வைக்கிறார்கள். இருபதாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருப்பவருக்கு ஒரு சிறிய மலைமேல் உட்கார்ந்திருப்பது போலத்தான். டக்கோட்டாவில் அந்த ஏற்பாடு கிடையாது. வெளியே காற்று மெலிந்தால் உள்ளேயும் மெலியும்.

இருந்தாலும் எனக்குப் பிடித்தது டக்கோட்டாதான். புல்தரையிலும் இறங்கும். ஒரு என்ஜின் நின்றுபோனால் மற்றது கொண்டுபோய்ச் சேர்க்கும். விமானி செய்யும் சிறு தவறுகளை அது பொறுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த நான் விமானத்தில் ஏறியதே இல்லை. குன்னத்துகாலில் எண்ணெய் மில் வைத்திருக்கும் பொன்னப்பன் முதலாளி அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"சாறே, பறக்கதப் பத்தி இவ்வளவு பறயுதியளே, ஒரு தடவ ஏறீற்று வந்து பறயும். அதுவரைக்கும் நீரு வேலிக்கு வெளிய நிக்க ஆளாக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நேசையன்தான் எனக்காகப் பேசுவார். "விடும் முதலாளி. எனக்க அளியன் தரையில நிண்ணே பறக்க ஆளாக்கும்." அப்போது சிரிப்பு இன்னும் கூடும்.

நேசையன் என் அளியன், தங்கை சுகிர்தபாயின் கணவர். நெய்யாற்றின்கரையில் வக்கீல் குமாஸ்தா. எந்த ஊரில் வீட்டுக்குள் தமிழ் பேசுகிறார்கள், எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடினார்கள் என்பதெல்லாம் அவருக்கு வாயிலேயே இருக்கும். அந்த ஆடி மாதம் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டவர்களைப் போலீஸ் சுட்டது. பிறகு எங்கள் பக்கத்தில் மேடை ஏற ஆள் இல்லை. இவர் ஏறினார். அதனால் உங்கள் போலீஸ்காரர்கள் இவரைத் தேடினார்கள். அது உங்களுக்கே தெரியும். மதராசில் பெரியவர்கள் சிலர் கூடுகிறார்கள், எல்லைக் கிராமங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வர வேண்டும் என்று செய்தி வந்தது. போக இவரை விட்டால் வேறு யாரும் இல்லை.

ரயிலில் போனால் பிடித்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. விமானத்தில் யாரும் தேடமாட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். டிக்கெட்டுக்குப் பணம் போட்டவர் பொன்னப்பன். "அதும் சரியாக்கும். சீக்காளிய ஒத்தைக்கு விட முடியாது. சாறும் கூடப் போவும். உமக்க ஆசயும் தீரட்டு" என்றார்.

நேசையனுக்குக் காசநோய். ஆஸ்பத்திரியில் அவருக்குக் காற்று போட்டுக்கொண்டிருந்தார்கள். இது நல்ல வைத்தியம். விலாவுக்குள் ஊசி போட்டு, நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவில் காற்றைச் செலுத்துவார்கள். நோய்பட்ட நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், புண் ஆறும். காற்று மெல்ல உடம்பில் கரைந்துபோகும் என்பதால் அவ்வப்போது திரும்பப் போட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாளும் போட்டார்கள். விமானத்தில் போகப்போவதாக நேசையனே டாக்டர் செல்லையனிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவர் உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏரோப்ளேன்ல கொண்டுபோவ வேண்டாம், கேட்டேளா. மேல போனா நெஞ்சுக்குள்ள கெடக்க காத்து விரியும். நல்ல நுரையீரலையும் சேத்து அமுக்கிப்போடும். ரயில்ல போவட்டு, இல்லேண்ணா கொஞ்ச நாள் கழியட்டு. அவருட்ட பறஞ்சா விளையாட்டா எடுப்பாரு. நீங்க சயன்ஸ் வாத்தியாரு, உங்களுக்கு விளங்கும்."

எனக்கு விளங்கியது. டாக்டர் உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

மறுநாள் காரில் போகும்போது நேசையனின் சட்டைப்பையில் மைப்பேனா இருந்தது. தங்கை தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. பேனாவில் பாதி மை இருந்தால் மீதி காற்று என்றும், மேலே போனதும் அந்தக் காற்று விரிந்து மையை வெளியே தள்ளும் என்றும் அவருக்கு விளக்கினேன். அவர் காரை நிறுத்தச் சொல்லி, மையை ஓரமாகக் கொட்டிவிட்டு, பேனாவைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"உனக்குத் தெரியாத காரியம் ஒண்ணும் கெடையாது அளியா" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அவர் போகமாட்டார். அவர் போகாவிட்டால் துணைக்கு ஆள் எதற்கு?

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்தேன். இருமுகிறவருக்கு நடைபாதையை ஒட்டிய இருக்கைதான் வசதி. ஏர் ஹோஸ்டஸ் பெப்பர்மிண்டும் காதுக்குப் பஞ்சும் கொடுத்தாள். ஓடும்போது முதலில் வால்தான் எழும்புகிறது. சாய்ந்திருந்த தரை சமமாகிறது. கொஞ்ச நேரத்தில் சக்கரத்தின் சத்தம் நின்றுவிடுகிறது. அதை நான் பல வருஷமாக வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும்போது அது வயிற்றில் தெரிகிறது.

மலைமேல் மேகம் இருந்தது. விமானி அதைத் தாண்ட இன்னும் உயர்த்தினார். நேசையன் என் கையைப் பிடித்தார்.

"அளியா, நெஞ்சு இறுகுது. மூச்சு கிட்டல்ல."

"பயமாக்கும். முதல் தடவ எல்லாருக்கும் வாறதுதான்."

"பயம் இல்லடே. கீழ எறக்கச் சொல்லு."

ஏர் ஹோஸ்டஸ் வந்து கேட்டாள். முதல் பயணம், பயப்படுகிறார் என்று சொன்னேன். அவள் அவருடைய கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுப் போனாள். உண்மையைச் சொல்லியிருந்தால் விமானி உடனே திரும்பிக் கீழே இறங்கியிருப்பார். அவர் நல்ல விமானி. உயரம் குறைந்தால் காற்று சுருங்கும். நேசையன் பிழைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அப்போதுதான் நாங்கள் மேகத்துக்கு மேலே வந்திருந்தோம். மேகத்தின்மேல் எங்கள் விமானத்தின் நிழல் ஓடியது, அதைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். படங்களில் அது இல்லை. நேசையன் என் சட்டையை இழுத்தபோது, கொஞ்சம் பொறும் என்றேன்.

பிறகு அவர் இழுக்கவில்லை. அவர் உதடு நீலமானதைப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வழியில் மதுரையில் இறக்கம் மிக மெதுவாக இருந்தது. முன்சக்கரங்கள் தொட்டது தெரியவில்லை. சிலர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். ஏர் ஹோஸ்டஸ் நேசையனின் தோளைத் தொட்டு எழுப்பினாள். மறுபடியும் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

என்னுடைய டிக்கெட் மதராஸ் வரைக்கும் செல்லும்தானே என்று அவளிடம் கேட்டேன். எங்கள் ஊர்களுக்காகப் பேச யாராவது ஒருவர் போய்ச் சேர வேண்டும் அல்லவா.