நாற்காலிக்கு நம்பர்

வித்துராவிலிருந்து திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“சேச்சி, எங்க அண்ணனோட சக்கர நாற்காலிக்கு வண்டி நம்பர் கேட்டாங்க,” என்றாள் இளையவள்.

“யாரு?”

“செக்போஸ்ட்ல ஃபாரஸ்ட் கார்டு. சக்கரம் இருந்தா வண்டியாம். காட்டுக்குள்ள வண்டி விட மாட்டாங்களாம்.”

“நாற்காலி எப்படி மோளே வண்டியாகும்?”

“அதை கேட்லயே வச்சுட்டு, எங்க வீட்டுக்காரர் அண்ணனை முதுகுல தூக்கிக்கிட்டார். அதுக்குத் தடையில்லை.”

“அப்போ உள்ளே விட்டானல்லே?”

“விட்டான். நாங்க மூணு பேரு. ரெண்டு ஆள், ஒரு சுமடுன்னு ரிஜிஸ்டர்ல எழுதினான்.”

“சுமடா? மூட்டைக்கு எழுதறதையா?”

“ஆமா. முதுகுல இருந்தபடியே அண்ணன் அதை வாசிச்சுட்டார், சேச்சி.”