செய்திகள் வரும் மொழி

படிவம் நிரப்புவது எனக்குப் பிடிக்கும். பெயர், பிறந்த தேதி, நாடு, மொழி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எவ்வளவு நேரம் யோசித்தாலும் முகம் சுளிக்காது. பத்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்ற பிறகு, வீட்டில் எல்லாருடைய படிவமும் என் பொறுப்பாயிற்று.

மருத்துவமனையின் இணையதளத்தில் அக்காவின் கணக்கையும் நான்தான் திறந்தேன். அவளுக்கு மார்பில் சின்னக் கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று முடிவு வந்ததும் அத்தான் அவளைத் தன்னோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதுவரை அவள் எங்கள் வீட்டில், என் அறையில் இருந்தாள். கல்யாணமாகிப் போய் மூன்று வருடம் கழித்து மறுபடி என் பக்கத்தில் படுத்தாள்.

முடிவைத் தளத்தில் போட மாட்டார்கள். எப்போது வர வேண்டும் என்று கைப்பேசிக்குச் செய்தி அனுப்புவார்கள். அந்தத் தளத்தில் மொழிக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, திரையில் தெரியும் மொழி. மற்றது, செய்திகள் வரும் மொழி. இரண்டாவது, அமைப்புகள் பக்கத்தின் அடியில் இருக்கும். அவ்வளவு தூரம் யாரும் இறங்குவதில்லை. எங்கள் வீட்டில் எவருக்கும் எழுத்துக்கூடத் தெரியாத ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தேன். முடிவு கொஞ்சம் தாமதமாகத் தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

முதல் செய்தி ஒரு சனிக்கிழமை வந்தது. அத்தான் வந்திருந்தார். அனுப்பியவர் பெயர் இல்லை, வெறும் எண்.

"என்னங்க இது, கொடி படர்ந்த மாதிரி சுத்திச் சுத்தி எழுதியிருக்கு?" என்றாள் அக்கா.

"எவனோ உனக்கு அரண்மனை எழுதி வச்சிருக்கான். தொட்டுத் தொலைக்காத, போனே போயிடும்." அத்தான் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொல்ற, வாய்ப்பூட்டு?" அவர் எனக்கு வைத்த பெயர் அது.

"விளம்பரமா இருக்கும்," என்றேன்.

அக்கா அழித்துவிட்டாள்.

அன்று மதியம் அம்மா கண்ணயர்ந்ததும் வீட்டுக் கணினியில் கணக்கைத் திறந்தேன். அனுப்பிய செய்திகளின் நகல் அங்கே இருக்கும். எங்கள் மொழிக்கு மாற்றிப் படித்தேன். சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும், இந்த வாரத்துக்குள் உறவினர் ஒருவருடன் வரவும் என்றிருந்தது. இரண்டு முறை படித்தேன். பிறகு, பழையபடி அந்தத் தெரியாத மொழிக்கே மாற்றி வைத்தேன்.

சிகிச்சை என்றால் அத்தான் ஊர்ப் பெரிய மருத்துவமனைதான். போனால் திரும்பி என் அறைக்கு வர மாட்டாள்.

இன்னும் மூன்று செய்திகள் வந்தன. ஒருநாள் தலை துவட்டியபடி, "ஒரு நடை நேர்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றாள் அக்கா.

"நாமளா போய்க் கேட்டு எதையும் இழுத்துவிட வேணாம். வரும்போது வரட்டும்," என்றாள் அம்மா.

"சொல்லுவாங்கக்கா," என்றேன் நானும்.

ஏழு மாதம் நிம்மதியாகத் தூங்கினாள். எட்டாவது மாதம் முதுகில் வலி என்றாள். அதன்பின் அவள் இருந்தது பத்தொன்பது நாள்.

ஐயா, நீங்கள் மருத்துவமனையிலிருந்து பதிவுத் தாள்களோடு வந்தீர்கள். மொழி மூன்று முறை மாறியிருக்கிறது, மூன்றும் இந்த வீட்டுக் கணினியிலிருந்து என்றீர்கள். அன்றிலிருந்து அத்தான் அம்மாவை ஒரு மாதிரி பார்க்கிறார். அம்மா அத்தானை ஒரு மாதிரி பார்க்கிறாள். "பொண்டாட்டி வேணாம்னு நினைச்சவன்தான் இதைச் செஞ்சிருப்பான்," என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்கிறாள். இருவரும் சாப்பிட்டார்களா என்று நான்தான் கவனித்துக்கொள்கிறேன். நீங்கள் எல்லாரையும் விசாரித்தீர்கள். என்னிடம் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டீர்கள்.

அதனால் எழுதி வைக்கிறேன். மொழியை மாற்றியது நான். செய்தியைப் படித்ததும் நான். ஆனால் நான் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. நான்கையும் அக்காதான் தன் விரலாலேயே அழித்தாள். என்னைவிட்டுப் போக அவளுக்கும் மனமில்லை என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.