கட்டைவிரல் உயரத்தில் ஒரு நாற்காலி

இந்த இடத்தில் ஒரு பொடிக் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கதை மட்டுமல்ல, இதில் வருகிற நாற்காலியும் கட்டைவிரல் உயரம்தான்.

வள்ளியூர்க்காரர் இசக்கிராஜா. உங்களைப் போலவே வளைகுடாவில் வேலை. உங்களைப் போலவே அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு மனிதர். ஊரில் அவர் மகள் நிவேதா, செருப்பு டப்பாவில் ஒரு பொம்மை வீடு கட்டினாள். போனில் சொன்னாள்: "எப்பா, வீடு ரெடி. சாமான்தான் ஒண்ணும் இல்ல."

தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்? ஆரம்பித்துவிட்டார்... தீக்குச்சியில் கட்டிலுக்குக் கால். ஐஸ் குச்சியில் பீரோ. துணி மாட்டுகிற மரக் கிளிப்பைப் பிரித்து ஒட்டினால் நாற்காலி. கிளிப் போனதால் அறை நண்பர்களின் சட்டைகள் பாலைவனம் பார்க்கப் பறந்தன. அதையும் பொறுத்தார்கள். ஐஸ் குச்சிக்காகச் சர்க்கரை நோயுள்ள அருணாசலம் அண்ணாச்சி கூட ஐஸ் தின்றார்.

"எலே இசக்கி, இன்னும் எத்தன திங்கணும்? டாக்டர் கேட்டா என்னத்தச் சொல்லுவேன்?"

"பீரோ கதவு மட்டும்தான் பாக்கி அண்ணாச்சி."

"கதவில்லாத பீரோ ஆவாதோ?"

"பொம்மையோட துணிமணி வெளிய தெரியும்லா?"

நியாயம்தானே? அண்ணாச்சி தின்றார்.

சாப்பாட்டு மேசைக்கு நாற்காலிகள். ஒன்று மனைவிக்கு, ஒன்று மகளுக்கு. பிறகு... தனக்கு. அதை மட்டும் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தார். சிராய் குத்திவிடக் கூடாதாம். யாருக்கு?

ஊருக்குப் போன ஒருவரின் பெட்டியில், தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே, அந்தக் குடும்பச் சொத்து போய்ச் சேர்ந்தது. வீடியோவில் மகள் எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டினாள். திடீரென்று நிறுத்தினாள்.

"எப்பா, நாற்காலி ஏன் மூணு?"

"ஒனக்கு, அம்மைக்கு, எனக்கு."

"நீங்கதான் நாற்காலில உக்கார மாட்டியளே! தண்ணிச் சொம்புலல்லா சாஞ்சு இருப்பீய. எல்லாம் செஞ்சிய, சொம்பு செய்யலையே?"

புரிகிறதா? அந்த வீட்டில் சாப்பிடும்போது போனைச் சொம்பில் சாய்த்து வைப்பார்கள். அவர் அதிலிருந்து பேசுவார்.

"ஏட்டி, வாய மூடு" என்றாள் மனைவி, திரைக்கு வெளியே.

"மூணாவதுல பூனைய உக்கார வைக்கட்டுமாப்பா?"

இசக்கிராஜா சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கொஞ்ச நாள் காலியா வையி பிள்ளே."

"எதுக்குப்பா?"

எதுக்கு... நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடிகிறதா?

நண்பர்களே, மறந்துபோன பிள்ளைக்கு நாம் ஞாபகப்படுத்தலாம். ஆனால் நிவேதாப் பிள்ளை மறக்கவில்லை. தகப்பன் எங்கே இருக்கிறான் என்று துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கிறது. நாம் பணம் அனுப்புகிறோம், பெட்டி அனுப்புகிறோம், முகத்தையும் அனுப்பிவிடுகிறோம். முதுகை அனுப்ப முடியவில்லை. நாற்காலி கேட்பது முதுகைத்தான். ஆகவே, லீவு கேளுங்கள். தரமாட்டேன் என்றால் மறுபடியும் கேளுங்கள். போய் எதுவும் சாதிக்க வேண்டாம். ஒரு வேளைச் சோற்றை உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளை உங்களைச் சுற்றி வந்து, பின்பக்கம் எப்படி இருப்பீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.