கால் மூடிய பிணம்

— அருவாள இப்படியா புடிப்பாக? ஏலே பூமிநாதா, ஒன் கட்டைவெரலு எங்கன இருக்குன்னு பாரு. ஓங்குன வேகத்துல ஒங் கையிலதான் எறங்கும்.

— வாய மூடு சித்தப்பு. திரும்பி நில்லு.

— முதுகுல வெட்டப் போறியாக்கும்? இந்த மலையாண்டி ஆயுசெல்லாம் ஸ்டுடியோவுல வெட்டுப்பட்டுச் செத்தவன்டா. ஒரு கதாநாயகனும் என்னய முதுகுல வெட்டுனதில்ல.

— ஒம் மவன் தங்கசாமி எங்கண்ணன் சாத்தையாவ முதுகுலதான வெட்டுனான்? கம்மாயில குனிஞ்சு மீன் அள்ளிக்கிட்டு இருந்தவன. மீன் பங்குச் சண்டைக்குக் கழுத்த எடுப்பாகளா? தலை ஒரு பக்கமாத் தொங்கிருச்சு. அதத் தோள்ல சாச்சுப் புடிச்சுக்கிட்டே நாந்தான் வீட்டுக்குத் தூக்கியாந்தேன்.

— அவன் செஞ்சது ஈனச் செயலு. நான் இல்லைங்கல.

— அவன் எங்கன?

— தெரிஞ்சா நானே காதப் புடிச்சு இழுத்தாந்து விட்டுருப்பேன். பம்பாய்ங்கிறாக, பினாங்குங்கிறாக.

— அப்ப அவனுக்குப் பதிலு நீ. அன்னையிலருந்து ஆத்தா அடுப்புப் பத்தவைக்கல. ஒங்க வீட்டு ரத்தம் மண்ணுல விழுந்த பெறகுதான் ஒல வைப்பேன்னு ஒக்காந்திருக்கா. அக்கம்பக்கத்துக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டுக் கெடக்கோம்.

— சரி, வெட்டு. சீக்கிரம். கரிமூட்டத்துல மண்ணு வெடிச்சுப் பொக வருது. அடைக்கலைன்னா அடுக்கி வச்ச கருவேலங்கட்டை அம்புட்டும் சாம்பலாயிரும்.

— சாகப்போறவனுக்குக் கரி எதுக்கு?

— சாகுறது நமக்குத் தினப்படி வேலை மவனே.

— சின்னப் புள்ளையில ஒன்னய டெண்டுக் கொட்டாயில பாத்தேன் சித்தப்பு. கோடு போட்ட பனியன், கழுத்துல கைக்குட்டை. வில்லனுக்குப் பின்னால கடைசியா நின்ன. கதாநாயகன் ஒரு குத்து விட்டான், பீப்பாய்க மேல பறந்து போயி விழுந்த. எங்க சித்தப்புடான்னு கத்துனேன். அய்யா பொடனியில ஒண்ணு போட்டாரு.

— அந்தப் பீப்பாயிலதான் என் முன்பல்லு போச்சு. குத்துனவரு மேல தப்பில்ல, நான் அரை எட்டு முந்திட்டேன். ராசா படத்துல ஈட்டி புடிச்சேன். ராசாக்க ஒழிஞ்சதும் கொள்ளைக்காரன். பெறகு கள்ளக்கடத்தல்காரன். ஆளு அதே ஆளு, சட்டைதான் வேற. கடைசியில கேமராவத் தூக்கிக்கிட்டு ஊரு ஊராப் போயிட்டாக, ஸ்டுடியோவப் பூட்டிட்டாக. நான் கரி சுட வந்துட்டேன்.

— ஏன் நீ பெரிய ஆளா வரல?

— எனக்குப் பொணமாக் கெடக்க வரல. மாடியில இருந்து குதிப்பேன், கண்ணாடிய ஒடைச்சுக்கிட்டுப் போவேன். விழுந்து கெடந்தா மட்டும் கால் பெருவெரலு தானா ஆடும். டைரக்டரு பொணம் தாளம் போடுதுன்னு வைவாரு. அப்படியே வெளிய வந்த படமும் உண்டு. பெறகு என்னயச் சாகடிச்சா, காலு மேல இன்னொரு பொணத்தப் போட்டு மறைச்சிருவாக. அடியில கெடந்தே காலம் போச்சு.

— சிரிக்க வைக்காத. நான் வெட்ட வந்திருக்கேன்.

— நீ கொல்ல மாட்ட பூமி.

— கொல்லலைன்னா ஆத்தா என்னய வீட்டுக்குள்ள விட மாட்டா. பின்னாலயே வாரா. கண்ணால பாக்கணுமாம். பனங்காட்டத் தாண்டிருப்பா.

— பாக்கட்டுமே. மண்டைத்தோல மட்டும் கீறு, இங்கன, முடிக்குள்ள. ரத்தம் கொடங்கொடமாக் கொட்டும், உசுரு போகாது. நான் விழுந்துருதேன். அவுக பாத்துட்டுப் போகட்டும். கரிமூட்டத்துக்குள்ள போட்டு எரிச்சுட்டேன்னு சொல்லு. நான் உப்பூருல பஸ் ஏறிருவேன். இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.

— ஆத்தா கண்டுபுடிச்சுட்டான்னா?

— இல்லைன்னா நெசமாவே வெட்டிட்டு ஜெயிலுக்குப் போ. ஒம் பொஞ்சாதி பூமயிலு வயித்துல இருக்குற புள்ளை மனுப்போட்டு அப்பனப் பாக்கட்டும்.

— திரும்பி வர மாட்டியே? சத்தியமா?

— செத்தவன் எங்கடா திரும்பி வாரான்? கீறு. கண்ண மூடாத, மூடுனா கொன்னுருவ.

— ஆத்தே! சித்தப்பு, எலும்பு தெரியுது!

— கத்துறதா இருந்தா கோவமாக் கத்து, பொம்பளை மாதிரி அலறாத. தோள்ல ஒண்ணு போடு. சட்டை கிழியணும்.

— என்னால முடியாது.

— போடுறா! ஒங்கண்ணன் தலையத் தாங்குன கைதான இது? போடு… அம்மா! போதும். போதும்டா பாவி. மல்லாக்கப் போடு. குப்புறக் கெடந்தா ஒங்காத்தா பொரட்டிப் பாப்பாக.

— காலு?

— அந்தக் கரிச்சாக்க எடுத்து மூடு. வெரலு இப்பவே துடிக்குது.

— வந்துட்டா. பேசாத.

— பூமி! முடிஞ்சிருச்சாடா?

— முடிஞ்சிருச்சு ஆத்தா. அங்கனயே நில்லு. ஒரே ரத்தமாக் கெடக்கு.

— பெத்த மவன் கழுத்துல வழிஞ்ச ரத்தத்த இந்தக் கையால கழுவுனவ இந்த உலகம்மா. தள்ளு.

— பாத்துட்டயில்ல? நீ போயி அடுப்பப் பத்தவை. நான் மூட்டத்துக்குள்ள போட்டுட்டு வாரேன்.

— நல்லாத்தான் வெட்டிருக்க… ஏன்டா, பொணத்துக்கு மொகத்தத்தான மூடுவாக? நீ என்ன, கால மூடி வச்சிருக்க?

— ஈ மொய்ச்சுச்சு ஆத்தா.

— ரத்தம் தலையில, ஈ கால்லயா? சாக்க எடு.

— வேணாம் ஆத்தா.

— எடுறாங்கிறேன்… ம். ஆடுது.

— நரம்பு ஆத்தா. அறுத்த கோழி துள்ளலையா, அது மாதிரி. செத்த நேரத்துல நின்னுரும்.

— எனக்கா சொல்லுத? இவுக சாகுற படம் ஒண்ணு விடாம ஒங்கய்யா கூட்டிட்டுப் போவாரு. அந்தா கொழுந்தனாரு வெரல ஆட்டுறாருன்னு நாந்தான் மொதல்ல காட்டுவேன். கொட்டாயே சிரிக்கும். சாத்தையா எம் மடியில உருண்டு உருண்டு சிரிப்பான்.

— போகட்டும் ஆத்தா. இனி ஊருப் பக்கம் வர மாட்டாரு. ரத்தந்தான் விழுந்துருச்சே!

— அருவாளக் குடு.

— குடுக்க மாட்டேன்.

— விடுறா கைய… கண்ணத் தொறக்காதீக கொழுந்தனாரே. இந்த ஒரு தடவையாவது ஒழுங்காச் சாகுங்க.