கோணலாக வந்தால் பரவாயில்லை

நம் புத்தகக் கடைக்கு வருகிற எவரையும் நான் நிற்கவைத்துப் பேசியதில்லை. ஓவியப் பகுதியில் இரண்டு நாற்காலி போட்டிருப்பதே அதற்காகத்தான். வந்தவரை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அதன்பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்பேன். நான் முடித்துவைத்தவர்களில் ஒருவர்கூட நின்றபடி முடிந்துபோகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அம்மா.

நீங்கள் இந்தக் கடைக்கு முதலாளி. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "எதுக்கு இப்படிப் பண்ணீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்த மரியாதைக்காகவே மறைக்காமல் சொல்கிறேன்.

எல்லாம் என் மைத்துனரிடம் ஆரம்பித்தது. என் மனைவியின் அண்ணன், பல் டாக்டர். நோயாளிகள் வராத மத்தியான வேளைகளில் படம் வரைவார். எங்கள் கல்யாணத்துக்கு எங்கள் இருவரையும் வரைந்து, கனமான சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் என் மனைவிக்கு ஒரு கையில் ஆறு விரல். எனக்குச் சிரித்த முகம். வாய்க்குள் அத்தனை பல்லையும் ஒன்று விடாமல் வரைந்திருந்தார், கடைவாய்ப் பல்லில் அவரே அடைத்துவிட்ட சிமெண்ட் உட்பட. சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே அதை மாட்டினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் யார் இவர்கள் என்று கேட்பார்கள். நாங்கள்தான் என்று சொல்லவேண்டியிருக்கும். என் வாயை நானே பார்த்துக்கொண்டு எத்தனையோ வருடம் சாப்பிட்டேன். வாய் திறந்து ஒரு குறை சொன்னதில்லை.

அவர் ஒருநாள் கடைக்கு வந்தார். "மாப்பிள்ளை, அடுத்து நம்ம குடும்பம் மொத்தத்தையும் ஒரே படத்துல போட்டுடலாம்னு இருக்கேன். பெருசா. நல்ல புக்கா ஒண்ணு பார்த்துக் குடுங்க," என்றார். எங்களுடையது பெரிய குடும்பம். அத்தனை பேரும் சிரிக்கப்போகிறார்கள் என்று நினைத்தபோதே மனத்துக்குள் பல்லை எண்ணத் தொடங்கிவிட்டேன்.

உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கிட்டத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரிவதை அடிமட்டமும் கோணமானியும் வைத்து விளக்குகிற ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒரு பொய் கிடையாது. எழுதியவர் பெரிய மேதை. ஆனால் ஒரு நாற்காலியை வரைவதற்கு முன்னால் நாற்காலி இருக்கிற அறையையும், அறை இருக்கிற தெருவையும், தெரு போய் முடிகிற அடிவானத்தையும் கோடு போட்டுக் காட்டச் சொல்வார். சில வாரம் கழித்து மைத்துனர் வீட்டுக்கு வந்தார். சோபாவில் சாய்ந்துகொண்டு, "நமக்கெல்லாம் அது வராது மாப்பிள்ளை," என்றார். அவ்வளவுதான். அவர் பல் பிடுங்குவதைவிட வலியில்லாமல் நடந்தது.

அந்தப் புத்தகத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வெகு நாளைக்கு முன்னால் ஓர் இளைஞன் தன் முதல் சம்பளத்தில் அதை வாங்கிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவன் கதை இப்போது வேண்டாம்.

அதன்பிறகு சமூகத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். ஒரு பல் டாக்டரால் ஒரு சாப்பாட்டு அறை பாழானது என்றால், ஊரில் எத்தனை சுவர், எத்தனை கல்யாணம், பரிசாக வந்துவிட்டதே என்று மாட்டியே ஆகவேண்டிய எத்தனை அப்பாவிகள். யாராவது ஒருவர் தடுத்தாக வேண்டும். என் கையில் மூன்று அலமாரிகள் இருந்தன.

முதல் அலமாரி செய்முறை நூல்கள். கூச்ச சுபாவக்காரர்களுக்கு அதிலிருந்து மனித உடலை வரையும் புத்தகம் கொடுப்பேன். முதல் அத்தியாயம் முழுக்க எலும்புக்கூடு. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பேத்தியின் முகத்தை வரைய ஆசைப்பட்டு வந்தவர், முழங்கையைத் தாண்டவில்லை.

இரண்டாவது அலமாரி, கதைகளுக்குப் படம் போடும் கலை. ஆர்வமாக வருகிறவர்களுக்கு இது ஏற்றது. வழவழப்பான தாளில் மகா ஓவியர்களின் படங்கள், ஒரு பறவையின் இறகில் இருக்கிற ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. ஓர் இளம் தாய் வந்தாள். தன் பிள்ளைக்குத் தானே ஒரு கதை கட்டியிருப்பதாகவும் அதற்கு நாலு படம் போடவேண்டும் என்றும் சொன்னாள். ஒரு யானையும் ஒரு குடையும் போதுமாம். அலமாரியிலேயே பெரிய புத்தகத்தைக் கொடுத்தேன். பிறகொருநாள் தெருவில் பார்த்தபோது விசாரித்தேன். பிள்ளை இப்போதெல்லாம் அந்தக் கதையைக் கேட்பதில்லை என்றாள். பரவாயில்லை, பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடும்.

மூன்றாவது அலமாரி நிறங்களின் வரலாறு. பிடிவாதக்காரர்களுக்காக மட்டும் இதை வைத்திருக்கிறேன். நீலத்தைக் கல்லிலிருந்து அரைத்தெடுத்தார்கள், அது பொன் விலைக்கு விற்றது. சிவப்பைப் பூச்சிகளைக் காயவைத்து எடுத்தார்கள். ஊதாவுக்குக் கடல் நத்தை, ஒரு வகைப் பழுப்புக்குப் பழங்காலப் பிணங்கள், ஒரு வகைப் பச்சையில் கலப்படமில்லாத விஷம். இதையெல்லாம் படித்தவன் சின்னப் பெட்டியில் இருக்கிற வண்ணக் கட்டியைத் தொடக் கூசுவான். அல்லது தொடுவதை விட்டுவிட்டுப் பேச ஆரம்பிப்பான். ஒரு கணக்கு வாத்தியார் அப்படித்தான் ஆனார். தூரிகையைத் தூக்கிப்போட்டுவிட்டார். இப்போது யார் சிவப்புச் சட்டையில் வந்தாலும் உட்காரவைத்துப் பூச்சியிலிருந்து தொடங்குகிறாராம். அவர் மனைவி என்னைச் சபிப்பதாகக் கேள்வி. அந்த ஒரு வழக்கில் மட்டும் தப்பு என்மேல்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு என் மனைவி.

அவள் மத்தியானங்களில் வரையத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது. கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தக்காளி, சாவிக்கொத்து, என் செருப்பு. ஒருநாள் காலையில், "என்னங்க, உங்க கடையிலேர்ந்து ஒரு புக் கொண்டாங்களேன். ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு சின்னதா ஏதாவது இருக்குமே," என்றாள். அவள் என்னிடம் அதிகம் கேட்கிறவள் இல்லை. கேட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பதை இப்போது விவரிப்பதில் பயனில்லை.

எங்கள் கல்யாண நாளன்று மூன்றாவது அலமாரியிலிருந்து எடுத்து, வண்ணக் காகிதம் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கென்று வரும்போது மட்டமானதைக் கொடுக்க மனம் வரவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். சில நாள் மூக்குக் கண்ணாடியோடு படித்தாள். பிறகு வண்ணப் பெட்டி பரணுக்குப் போனது. பாத்திரம் துலக்கிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நமக்கெல்லாம் அது வராதுங்க," என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகமாக இருந்த மாதம் அது.

மீதி உங்களுக்கே தெரியும். மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பு தொடங்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியது. பழைய வாடிக்கையாளர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். கடைசியாக என் வீட்டுக்கும் கூப்பிட்டீர்கள். அவளும் அதையே சொன்னாள். "வராதுன்னு உங்ககிட்ட யாரும்மா சொன்னது?" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பதிலுக்கு அவள், மற்றவர்களுக்கு நான் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன் என்று உங்களைக் கேட்டிருக்கிறாள்.

நான் விடுப்பில் இருந்த நாளில் நீங்கள் இருவரும் சேர்ந்து என் அலமாரிகளைக் கலைத்தீர்கள். தடிப் புத்தகங்களுக்குப் பின்னால், சுவரோரமாக நான் தள்ளிவைத்திருந்த மெல்லிய புத்தகங்கள் எல்லாம் அகப்பட்டன. ஆரம்பிக்கிறவர்களுக்கானவை. தூசியைத் தவிர அவற்றுக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லை. அதில் ஒன்றை என் மனைவி அங்கேயே தரையில் உட்கார்ந்து பிரித்தாளாம். முதல் பக்கத்தில் இருப்பதே இரண்டு வரிதான். ஒரு கோப்பையை வரையுங்கள். கோணலாக வந்தால் பரவாயில்லை.

கடையிலேயே ஆபத்தான வாக்கியம் அதுதான், அம்மா. அதை வெளியே விடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன்.

இப்போது என் வீட்டு நிலைமை இது. பல் படத்தை இறக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் என் மனைவி வரைந்த ஒரு கோப்பை தொங்குகிறது. கோணல்தான். பிடி காது மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தேநீர் குடிக்கவேண்டும்போல் இருக்கிறது என்பது வேறு விஷயம், அது ஓவியத் தரத்துக்கு ஆதாரமாகாது. மைத்துனர் உங்கள் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டார். வங்கி அதிகாரியும் வருகிறாராம். அந்தப் பிள்ளையும் தாயோடு வரப்போகிறதாம், யானையைச் சரிபார்க்க. ஊர்ச் சுவர்களை இனி ஆண்டவன்தான் காப்பாற்றவேண்டும்.

என் மனைவி கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் என் எதிரே ஒரு வெள்ளைத் தாளையும் சீவிய பென்சிலையும் வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்களும் வாங்க. என் பக்கத்துல உட்காருங்க. ஒரு கோப்பை வரைங்க, போதும்," என்றாள். நீங்களும் எனக்கு அதையே தண்டனையாக விதித்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டதுபோல் தெரிகிறது.

அந்த இளைஞனைப் பற்றிக் கடைசியில் சொல்லவேண்டியிருக்கிறது. முதல் சம்பளத்தில் தடிப் புத்தகம் வாங்கியவன். நாற்காலியை வரைய உட்கார்ந்து, அறைக்குப் போய், தெருவுக்குப் போய், அடிவானம் வரை போனவன் திரும்பி வரவேயில்லை. மற்றபடி சௌக்கியமாகத்தான் இருக்கிறான். இதே கடையில், ஓவியப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறான். வருகிறவர்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பான்.

நேற்று அவள் தூங்கப்போன பிறகும் அந்தத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பென்சிலைக் கையில் எடுத்தேன், சும்மாதான். தாள் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது, நீங்கள் வந்து பார்க்கலாம்.

எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான். வேண்டுமானால் வேலையைவிட்டு நிறுத்திவிடுங்கள், காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள், அந்தப் பல் படத்தை என் மேசைக்கு எதிரே மறுபடி மாட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். இதில் எனக்குப் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஆசையும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. நமக்கெல்லாம் அது வராதுங்க.