இறக்கி வைக்க மறந்த பரிசு

எங்கள் வண்டியைப் பலமுறை எடைபோட்டும் எங்களை ஒருமுறைகூட எடைபோடாத பெருந்தகை, பந்தயக் கழகத்தின் எடைமேடை அதிகாரி, இன்றைய விழாத் தலைவர் அவர்களே! முந்திச் செல்லும்போதெல்லாம் எங்களுக்குக் கையசைக்கத் தவறாத எதிரணி ஓட்டுநர்களே! பந்தயம் முடிந்து பார்வையாளர்கள் வீடு திரும்பிய பிறகும், எங்கள் வண்டி எப்படியும் வரும் என்று கொடியை மடக்காமல் காத்திருந்த கொடிக்காரர்களே! "உருப்படியா ஒரு வேலைக்குப் போ" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்த தாய்மார்களே, சொல்லாமலே ஓய்ந்த தந்தையர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. என் பேச்செல்லாம் தலைக்கவசத்துக்குள்ளேயே முடிந்துவிடும். பிரேக் பிடிக்காத வளைவுகளில் நான் என்னென்ன பேசினேன் என்பது வெளியே கேட்காததால்தான் இன்று பெரியவர்கள் முன்னால் நிற்க முடிகிறது.

அழைப்பிதழில் "அணியின் வீர வரலாறு" என்று போட்டிருக்கிறார்கள். வரலாறு உண்டு. வீரத்தைச் சேர்த்தவர் அச்சகக்காரர். பின்வரிசையில் கைதட்டுகிறீர்களே, அச்சகக்காரரின் உறவினரா? இருக்கட்டும், இருக்கட்டும்.

மற்ற அணிகள் எங்கே பிறந்தன? மாபெரும் தொழிற்சாலைகளில் பிறந்தன. எங்கள் அணி எங்கே பிறந்தது? ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பிறந்தது! சுவரில் சாலைக்குறிகளின் வண்ணப்படம், ஒரு காலுக்கு அட்டை முட்டுக்கொடுத்த பெஞ்சு, வாசலில் ஓட்டுபவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என இரண்டு பிரேக் வைத்த ஒரு கார். அந்தப் பள்ளியின் ஆசிரியர்தான் என் பெரியப்பா. அவருடைய வேதம் மூன்றே வரி: கண்ணாடியைப் பார், சிக்னல் போடு, பிறகு திரும்பு.

அவரிடம் படித்த மாணவர் ஒருவர், சாலையில் ஓடும் சாதாரணக் கார்களின் உருவத்திலேயே வண்டிகள் ஓடும் பந்தயத்தில் வென்று, கோப்பையோடு ஆசிரியரைப் பார்க்க வந்தார். அதோ, முன்வரிசையில் தலையைக் குனிந்திருக்கிறாரே, அவரேதான். வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். சொன்னது வேறு.

"நீங்க சொல்லிக்கொடுத்ததையெல்லாம் மறந்ததுக்கு அப்புறம்தான் சார் நான் ஜெயிச்சேன்."

பெரியப்பாவின் முகம் சிவந்தது. எதையும் மறக்காமலே பந்தயத்தில் ஓடி, உன்னையும் முந்திக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தார். அந்தச் சபதம்தான் எங்கள் அணி, பள்ளிக் கார்தான் எங்கள் வண்டி. நாங்கள் கோபத்தில் பிறந்தவர்கள். ஆனால் வேகத்தில் பிறக்கவில்லை!

முதல் பந்தயம். கொடி இறங்கியது. புழுதி பறந்தது. எல்லா வண்டிகளும் போயின. ஒரு வண்டி நின்றது. உள்ளே பெரியப்பா இருக்கைப் பட்டையை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். சிக்னல் போட்டார். பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதிசெய்தார். அவர்தான் கடைசி, யார் வருவார்கள்? அவர் கிளம்பி ஆற அமரப் போய்க்கொண்டிருந்தபோது, முதலில் போனவர் ஒரு சுற்று முடித்துவிட்டுப் பின்னால் வந்து வழி கேட்டார். முந்த நினைத்த ஒவ்வொரு முறையும் பெரியப்பா முறைப்படி சிக்னல் போட்டார். முன்னே போனவர் முறைப்படி அந்தப் பக்கத்தை அடைத்தார். எந்தப் பக்கம் வருவோம் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரே அணி என்று எங்களுக்குப் பெயர் கிடைத்தது. நல்ல பெயர்தானே, அம்மா?

பெரியப்பாவுக்குப் பார்வை மங்கியதும் சக்கரம் என் கைக்கு வந்தது, கூடவே அந்த மூன்று வரி வேதமும். எங்கள் மெக்கானிக்கின் பட்டப்பெயர் அவசரம். எதைக் கேட்டாலும் "என்ன அவசரம்?" என்பார். மற்ற அணிகளில் டயர் மாற்றுவதைக் கண்சிமிட்டாமல் பார்க்க வேண்டும். எங்கள் அணியில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தும் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட எங்களுக்கும் ஒருநாள் வெற்றி வந்தது. சென்ற ஆண்டின் தொடக்கத்தில் அடைமழை. வேகமாகப் போனவர்கள் எல்லோரும் வழுக்கிப் புல்வெளிக்குப் போனார்கள். மழையில் மெதுவாகப் போ என்று எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள், போனேன். மூன்றாம் இடம்! மேடைக்கு அழைத்தபோது எந்தப் படியில் ஏறுவது என்று தெரியாமல் நின்றேன் நான்.

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர் அடுத்த பந்தயத்தில் வண்டியில் ஈயக் கட்டிகளைச் சுமக்க வேண்டும். வென்றவர்களே வென்றுகொண்டிருக்கக் கூடாதே! மற்ற அணிகள் அதைத் தண்டனை என்றார்கள். எங்களுக்கு அது தங்கப்பதக்கம்! அவசரம் அந்தக் கட்டிகளைத் தேய்த்து மெருகேற்றினார். பெரியம்மா நீலத்துணியில் உறை தைத்தார். பக்கத்து இருக்கை இருந்த இடத்தில், அதாவது பெரியப்பா உட்கார்ந்து பாடம் நடத்திய அதே இடத்தில், அவை முடுக்கப்பட்டன. எனக்கோ பெரியப்பாவே பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது. அவரைப் போலவே அவையும் என்னை வேகமாகப் போகவிடவில்லை.

அடுத்த பந்தயத்தில் பின்தங்கினோம். அதற்கடுத்ததிலும் பின்தங்கினோம். வண்டி கனக்கிறது என்றேன். உடனே கூடியது ஆலோசனைக் கூட்டம். கதவின் உள்கைப்பிடியைக் கழற்றினார்கள். கியர் குமிழில் துளை போட்டார்கள். என் இருக்கையின் பஞ்சைப் பிடுங்கினார்கள். கண்ணாடியைக் கழற்றலாமா என்று அவசரம் கேட்டதற்குப் பெரியப்பா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் எல்லோருடைய பார்வையும் என்மீது விழுந்தது. என் சோற்றைப் பாதியாக்கினார்கள்! தலையில் பாறையைச் சுமந்தபடி மடியிலிருந்த பஞ்சை உதறிய கதை, எங்கள் கதை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு அன்று பசித்தது.

சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. ஆண்டின் கடைசிப் பந்தயத்தில் முதல் பத்து இடத்துக்குள் வராவிட்டால் அடுத்த ஆண்டு எங்களுக்கு இடமில்லை. பந்தயத்தன்று காலை பெரியப்பா ஒரு பையோடு வந்து ஓரமாக உட்கார்ந்தார். பையில் என்ன என்று பார்த்தேன். சிவப்பு எழுத்துப் போட்ட பழைய எல் போர்டு. மாலையில் அதை வண்டியில் மாட்டிப் பள்ளிக்கே திருப்பி ஓட்டிப்போக முடிவுசெய்திருந்தார். சபதம் எடுத்த மனிதர், அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் காதுகளை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

தகுதிச் சுற்றில் கடைசியாக வந்திருந்தேன். பந்தயத்துக்குச் சற்று முன்பு பெரியம்மா வந்தார். கடைசி நாளாவது அந்த நீல உறையைத் துவைத்துப் போடலாமே என்று வண்டிக்குள் தலையை நுழைத்துப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு மெல்லத் தலையை வெளியே எடுத்தார்.

"ஏங்க, எடை எடைன்னு பிள்ளையோட சோத்துல கைவச்சீங்களே, இது என்ன?"

அவசரம் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டேன்.

ஓடினோம் எடைமேடைக்கு. இன்றைய தலைவர்தான் இருந்தார். பின்தங்கிய உடனே கட்டியை இறக்கிவிடலாம் என்பதுதான் விதியின் அடுத்த வரி. முதல் வரிக்கே அந்த மழைநாள் வரை எங்களுக்குத் தேவை வராததால் அடுத்த வரியை யாரும் படிக்கவில்லை. எடை குறைந்தால்தான் குற்றம், கூடினால் குற்றமில்லை என்பதால் அவரும் தடுக்கவில்லை. அவர் எங்களைத் திட்டவில்லை. "நீங்க ஆசையா வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்மா" என்றார். ஐயா, அது உண்மைதான்!

அன்றுதான் அவசரம் வாழ்வில் முதன்முறையாக ஓடினார். கட்டிகள் இறங்கின. கொடி அசைந்தது. எருமைக்குப் பழகியவளிடம் கன்றுக்குட்டியைக் கொடுத்ததுபோல் வண்டி துள்ளியது! ஒருவரை முந்தினேன், இருவரை முந்தினேன், வரிசையாய் முந்தினேன். முந்தும்போது மற்றவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். கடைசிச் சுற்றில் பதினோராம் இடம். எனக்கு முன்னே பத்தாவதாக ஒரு வண்டி, சக்கரம் பஞ்சராகி மாற்றிக்கொண்டு வந்த வண்டி. ஓட்டியவர் யார்? முன்வரிசையில் இன்னும் தலைநிமிராத அதே மாணவர்!

கடைசி வளைவு. இடப்பக்கம் ஒரு வண்டி போக இடம் இருந்தது. நான் சிந்திக்கவில்லை. என் கை சிந்திக்கவில்லை. பிறந்த நாள் முதல் பழகிய பழக்கம், இடப்பக்கச் சிக்னலைப் போட்டது! முறைப்படி, மணிமணியாக, மினுக் மினுக்கென்று! போச்சு என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டு வலப்பக்கத்தை அடைத்தார். நான் இடப்பக்கம் போனேன்.

பத்தாம் இடம்!

பந்தயம் முடிந்ததும் அவர் நேராகப் பெரியப்பாவிடம் வந்தார். "சிக்னலைப் பார்த்தேன் சார். உங்க அணியாவே இருந்தாலும், கடைசி வளைவுல எவனாவது உண்மையைச் சொல்லுவானா? ஏமாத்துறான்னு நெனச்சு எதிர்ப்பக்கத்தை அடைச்சேன்."

பெரியப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பையிலிருந்து எல் போர்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கண்ணாடியைப் பார்க்க மறக்கல. மீதியைத் திங்கக்கிழமை வந்து படி."

அன்பானவர்களே! தோல்வியைச் சுமந்து தளர்ந்தவர்களை நாடு அறியும். வெற்றியைச் சுமந்து தளர்ந்தவர்கள் நாங்கள்! ஒரு மழைநாளின் மூன்றாம் இடத்தை உறைபோட்டு, மெருகேற்றி, ஓர் ஆண்டு முழுக்கத் தூக்கித் திரிந்தவர்கள் நாங்கள்! கோப்பை வரும், கொண்டாடுவோம். கட்டி வரும், சுமப்போம். ஆனால் ஓட வேண்டிய நாள் வந்தால் இறக்கி வைப்போம்! இறக்கி வைக்க வேண்டிய ஒன்று உங்கள் வண்டியிலும் இருக்கலாம். நீங்கள் அதற்கு உறை தைத்துவைத்திருந்தால் எங்கள் பெரியம்மாவை அனுப்புகிறேன்.

இன்று காற்று பலமாக இருக்கிறது. ஆனாலும் இந்த ஒலிவாங்கி சாயவில்லை, கவனித்தீர்களா? அடியில் நீல உறை தெரிகிறதல்லவா? அதேதான். தலைவர் அவர்களே, விழா முடிந்ததும் மறக்காமல் அதை இறக்கச் சொல்லுங்கள், எங்களை நம்பாதீர்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், சிரித்த உங்கள் வாய்களுக்கும் எங்கள் அணியின் நன்றி. கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, இப்போது நான் இடப்பக்கமாக மேடையை விட்டு இறங்குகிறேன். நம்பி வலப்பக்கம் நில்லுங்கள். வணக்கம்!